கருவாட்டுக் கணக்கு

இலங்கையில் விற்பனைக்கு வருகிற பழைய கிட்டார் ஒன்றையும் இதுவரை யாரும் வாசித்ததில்லை. விளம்பரங்களை நம்பினால் அப்படித்தான். எல்லாம் வீட்டில் சும்மா கிடந்தவை. உரிமையாளர்கள் எல்லாரும் அடுத்த கிழமை கனடாவுக்குப் போகிறவர்கள். முன்பக்கம் பளபளக்க ஐந்து படம் போடுவார்கள். பின்பக்கத்துக்கு ஒரு படமும் இல்லை. கழுத்தில் தெரிகிற கோடு என்ன என்று கேட்டால், அது மரத்தின் இயற்கையான ரேகையாம்.

நாமும் நம்புகிறோம். வேறு வழி? 2022 மார்ச்சில் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டியது. புதிய வயலினுக்கும் நமக்கும் இருந்த உறவு அன்றைக்கு முறிந்தது. நாட்டை வங்குரோத்தாக்கிய கனவான்கள் எவரும் பழைய வாத்தியம் தேடி அலையவில்லை. அலைகிறவர்கள் சிலாபத்துத் தேவாலயப் பாடகர் குழு, உடப்பில் திரௌபதை அம்மன் திருவிழாவுக்கு முன்பு பஜனைக்கு ஓர் ஆர்மோனியம் கிடைக்காதா என்று விசாரிக்கிறவர்கள், சாதாரண தரத்துக்குச் சங்கீதம் எடுத்த பிள்ளையின் தகப்பன். வாத்தியம் கொழும்பில் இருக்கிறது. வாங்குகிறவர் முந்தலிலோ கற்பிட்டியிலோ இருக்கிறார். நடுவில் ஏ3 வீதி. அந்த வீதியில்தான் எல்லாம் உடைகிறது. ஆனால் அந்த வீதியில் யாரும் எதையும் உடைப்பதில்லை.

முறை எளிது. முதலில் பணம் போய்விட வேண்டும். பிறகு பெட்டி வரும். கூரியர் லொறியில் வரும், அல்லது புத்தளம் பஸ்ஸில் கண்டக்டரின் கையில் நூறு இருநூறு வைத்து ஏற்றிவிடுவார்கள். பொதியை ஏற்கிற இடத்தில் ஒரே ஒரு பரிசோதனைதான் நடக்கும்: தராசு. உள்ளே என்ன இருக்கிறது, எப்படிக் கட்டியிருக்கிறது, இந்தக் காட்போட் ஒரு லொறிப் பயணத்தைத் தாங்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. எடை பார், காசு வாங்கு, எறி. அந்த மூன்றிலும் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

பெட்டியின் மேல் சிவப்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உடையக்கூடியது, கவனம் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பெட்டியைத் தூக்குகிற பிள்ளை சிங்களமோ தமிழோ படித்தவன். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. அந்தச் செய்தி ஸ்டிக்கர் அச்சடிக்கிறவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவருக்கு அனுப்பிய கடிதமும் கூரியரில்தான் போயிருக்க வேண்டும்.

எப்படி உடைகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். வழக்கே அங்கேதான் இருக்கிறது. கிட்டார்ப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிறார்கள். லொறி ஒரு குழியில் இறங்கியதும் பெட்டி மல்லாக்க விழுகிறது. உடம்பு தரையில் பட்டு நின்றுவிடும். முறுக்காணிகளின் பாரம் ஏறிய தலை நிற்காது. இன்னும் கீழே போகப் பார்க்கும். உருக்குத் தந்தி பூட்டிய கிட்டாரில் ஆறு தந்தியும் சேர்ந்து ஏற்கெனவே 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. தலையைப் பின்சாய்வாகக் கடைந்திருந்தால் மரத்தின் நார் அந்த இடத்தில் குறுக்கே ஓடும். தலையும் கழுத்தும் சேர்கிற இடத்தில் சடக்கென்று போய்விடும். பெட்டியின் வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

வயலின் வேறு விதமாகச் சாகும். அதன் பலகைகளைச் சேர்த்து வைத்திருப்பது மிருகத் தோலும் எலும்பும் காய்ச்சிய பசை. புத்தளத்து வெயிலில் மூடிய லொறி ஒரு மத்தியானம் நின்றால் பசை இளகத் தொடங்கும், ஓரங்கள் வாய் திறக்கும். உள்ளே மேற்பலகையைத் தாங்கி நிற்கிற சிறு மரக்குச்சி சரிந்தால் ஓசை போய்விடும். தந்தி இறுகியபடியே இருந்தால் பலகையும் பிளக்கும். இதற்கும் வெளியே கீறல் இல்லை.

கீறல் இல்லாத அந்தப் பெட்டிதான் கூரியர்க்காரரின் முதல் சாட்சி. பெட்டியில் சேதமில்லை, ஆகவே நாங்கள் உடைக்கவில்லை என்பார்கள். சரி, பெட்டியில் சேதம் இருந்தால்? கையெழுத்து வைக்கும்போது ஏன் எழுதவில்லை? எழுதியிருந்தால்? பொதி கட்டிய விதம் போதாது. போதாத பொதியை ஏன் ஏற்றீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தொலைபேசியில் அந்தக் கேள்விக்கான இலக்கத்தை அழுத்தினால் வயலின் இசை போடுவார்கள். உடையாத வயலின்.

எனக்கும் ஓர் ஆர்மோனியம் இப்படி வந்தது. துருத்தியை அமுக்கினால்தான் அது பாட வேண்டும். அந்தப் பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே கச்சேரி நடந்தது.

"ஐயா, முதல்ல சைன் பண்ணுங்க. திறக்கிறது பிறகு."

"உடைஞ்சிருந்தா தம்பி?"

"ஒபிசுக்குச் சொல்லுங்க ஐயா. நான் கொண்டு வாற ஆள் மட்டும்தான்."

அந்தப் பிள்ளையைக் கோபித்து என்ன பயன்? பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. பெற்றோலும் அவன் காசு. அவன் என் வாசலில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவன் வீட்டு அரிசி. இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான். முடிவெடுக்கிறவன் கண்ணில் படவே மாட்டான். கண்ணில் படுகிறவனிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இருக்காது. ஒபிசுக்குச் சொன்னேன். பொதி சரியில்லை என்றார்கள். விற்றவருக்குச் சொன்னேன். நான் கொடுக்கும்போது நன்றாகப் பாடியதே என்றார். அதற்குப் பிறகு அவருடைய தொலைபேசி பாடவில்லை.

சட்டத்திடம் போகலாம் என்பீர்கள். தாராளமாக. நம்முடைய பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டினது. இங்கிலாந்து 1893இல் தைத்த சட்டையை மூன்று வருஷம் கழித்து நமக்கும் மாட்டினார்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், விற்றவர் பொருளைக் கொண்டுபோகிறவர் கையில் ஒப்படைத்ததே வாங்கியவர் கையில் ஒப்படைத்ததாக எண்ணப்படும். அதாவது கொழும்பில் பெட்டி லொறி ஏறிய நொடியிலிருந்து அது உங்களுடைய ஆர்மோனியம். மாதம்பையில் அது உடைந்தால் உடைந்தது உங்கள் பொருள். நீங்கள் அப்போது உடப்பில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டில்லை. தரம் பற்றிய உத்தரவாதமும் அந்தப் பண்டத்தில் வியாபாரம் செய்கிறவரிடமிருந்துதான். கனடாவுக்குப் போகிற தனிமனிதர் அந்த வலையில் விழமாட்டார்.

2003இன் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். அதுவும் வியாபாரிக்கு எதிராகத்தான். நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிராக 1997இல் 26ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மத்தியஸ்த சபைகளுக்கு 1988இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போக ஒரு சட்டத்தரணி வேண்டும், கொழும்புக்கு நாலு தடவை பஸ் ஏற வேண்டும், நாலு நாள் கூலி போக வேண்டும். அந்தச் செலவில் இன்னோர் ஆர்மோனியம் வாங்கி அதையும் உடைத்துவிடலாம்.

ஆகாயத்தில் வந்தால் மரியாதை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். அங்கே கணக்கு இன்னும் சுத்தம். 1929இல் வார்சோவில் கூடி விமானச் சரக்குக்குக் கிலோக் கணக்கில் நட்டஈடு என்று எழுதினார்கள். 1999இல் மொன்றியலில் கூடி அதையே திருத்தி எழுதினார்கள். உயர்ந்த பெறுமதியை முன்கூட்டியே அறிவித்து மேலதிகமாகக் காசு கட்டாவிட்டால், சரக்கின் உச்ச நட்டஈடு கிலோ ஒன்றுக்கு இத்தனை அலகு என்பதே விதி. சர்வதேச நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்பு உரிமை என்கிற அலகு அது. 2024 டிசம்பர் கடைசியிலிருந்து கிலோவுக்கு 26. டொலரில் சுமார் 35. உறையோடு மூன்று கிலோ வருகிற வயலினுக்கு நூறு டொலருக்குச் சற்று மேல் கிடைக்கும். மூன்று கிலோ கற்பிட்டிக் கருவாட்டுக்கும் அதே உச்சவரம்புதான். நான் விளையாடவில்லை. உலக நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கை அது. உங்கள் தாத்தா ஐம்பது வருஷம் வாசித்த வயலினும் கட்டாக் கருவாடும் ஒரே தராசு, ஒரே விலை. கருவாடு விழுந்தால் உடையாது என்பதால் வியாபாரத்தில் அதுவே மேல்.

இந்தக் கரையில் இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் ஒரே ஒரு சமூகம். புத்தளத்துச் சிரம்பியடியில் வாழ்கிற ஆபிரிக்க வம்சாவளியினர். அவர்களுடைய மாஞ்சா பாட்டுக்குப் போத்தல், கரண்டி, தேங்காய்ச் சிரட்டை போதும். கூரியர்க்காரன் எதை உடைத்தாலும் பக்கத்து வீட்டுக் குசினியில் இன்னொன்று இருக்கும். அவர்களை வறியவர்கள் என்று படமெடுக்க வருகிறவர்கள் இந்தக் கெட்டித்தனத்தையும் படமெடுக்கலாம்.

பெயர் பெற்றவர்களுக்காவது நியாயம் கிடைக்கிறதா? 2008 மார்ச் 31 அன்று கனடியப் பாடகர் டேவ் கரோல் யுனைட்டெட் விமானத்தில் சிகாகோ வழியாக ஒமாஹாவுக்குப் போனார். அவருடைய டெய்லர் கிட்டாரைச் சிகாகோவில் எறிந்து விளையாடியதைப் பயணிகளே கண்டார்கள். திருத்த 1,200 டொலர். கம்பனியின் பதில்: 24 மணி நேரத்துக்குள் முறையிடவில்லை, ஆகவே இல்லை. ஒன்பது மாதம் அலைந்த பிறகு மனிதர் பாட்டுக் கட்டினார். 2009 ஜூலையில் அது யூடியூபில் ஏறியது, இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அதன் பிறகுதான் கம்பனிக்கு இதயம் முளைத்தது. ஒரு ஜாஸ் கல்வி நிறுவனத்துக்கு 3,000 டொலர் நன்கொடை கொடுத்தது. ஆக, நட்டஈடு பெறும் உலக நடைமுறை இதுதான். உடைந்த கருவியை வைத்துக்கொண்டு ஒரு வெற்றிப் பாட்டுப் போட வேண்டும். சிலாபத்துக் கரைக்கு பைலா இருக்கிறது, முயன்று பார்க்கலாம். பாடத் தெரியாதவன் பொருளை அனுப்பக்கூடாது.

2014இல் இந்தியச் சரோத் கலைஞர் உஸ்தாத் அம்ஜத் அலி கான் லண்டனிலிருந்து டெல்லி திரும்பினார். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அவர் மடியில் இருந்த சரோத் திரும்பவில்லை. பிரிட்டிஷ் எயர்வேஸ் அதைத் தொலைத்துவிட்டு, உலகப் பத்திரிகைகள் எழுதிய பிறகு கண்டுபிடித்துக் கொடுத்தது. 2018இல் சுபேந்திர ராவின் சித்தார் எயர் இந்தியாவில் நியூயோர்க் போய்ச் சேர்ந்தபோது உடைந்திருந்தது. 2020 பெப்ரவரியில் மாலி நாட்டுக் கலைஞர் பலாக்கே சிசோக்கோ நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் போய்ப் பெட்டியைத் திறந்தார். அவருடைய கோரா வாத்தியம் கழற்றிப் போட்ட துண்டுகளாகக் கிடந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை சொன்ன பதில், நாங்கள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கோரா தன்னைத் தானே கழற்றிக்கொண்டது போலும். நீண்ட பயணம், அலுத்திருக்கும்.

இவை எல்லாவற்றையும் விழுங்குகிற கதை ஒன்று 2012 ஜனவரியில் வெளிவந்தது. ஒரு பெண் பழைய பிரெஞ்சு வயலின் ஒன்றை 2,500 டொலருக்கு விற்றார். வாங்கியவர் உள்ளே ஒட்டியிருந்த சீட்டு உண்மையானது அல்ல என்று, இணையத்தில் பணம் கைமாற்றுகிற கம்பனியான பேபாலிடம் முறையிட்டார். வயலின் உலகில் சீட்டுச் சண்டை புதிதல்ல. ஸ்ட்ராடிவாரியஸ் பெயர் ஒட்டிய தொழிற்சாலை வயலின்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வண்டி வண்டியாக வந்திருக்கின்றன. சீட்டுப் பொய்யானாலும் வயலின் மெய்யாக இருக்கலாம். அதைத் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். பேபால் கேட்கவில்லை. பணம் திரும்ப வேண்டுமானால் வயலினை அழித்துவிடு என்று வாங்கியவருக்குச் சொன்னது. அவரும் நொறுக்கினார். நொறுக்கியதைப் படம் எடுத்து விற்றவருக்கே அனுப்பி வைத்தார். விற்றவருக்கு வயலினும் இல்லை, காசும் இல்லை. விதிமுறை மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் தப்பியது.

கோபம் ஒரு பக்கம் மட்டும் பாயக்கூடாது. நம்முடைய கரைக்காரரும் யோக்கியர் அல்ல. கடற்காற்றில் பத்து வருஷம் நின்ற ஓகனை, உள்ளே தகடெல்லாம் பச்சை பூத்த பிறகு, மேலே துடைத்து "கொழும்புப் பாவனை" என்று கண்டிக்காரனுக்கு விற்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அது போய்ச் சேர்ந்து ஊமையானதும் பழியை லொறி மேல் போடுவார்கள். வாங்குகிறவர்களிலும் கில்லாடிகள் உண்டு. நல்ல பாகத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, பழையதைப் பூட்டி, உடைந்து வந்தது என்று திருப்பி அனுப்புவார்கள். இந்தக் களவாணிகள் இருப்பது கூரியர் கம்பனிகளுக்குப் பெரிய வசதி. நூறு பேரில் நாலு பேர் பொய் சொன்னால் நூறு பேரையும் பொய்யர் என்று நிராகரிக்கலாம் அல்லவா?

உடையாத வாத்தியமும் நம் புத்தளம் மாவட்டத்தில் உண்டு, மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். தேர்தலுக்கு முன் பாடசாலைக்குப் பாண்ட் வாத்தியம் கையளிப்பார்களே, அது. மாலை, பொன்னாடை, படம், பத்திரிகைச் செய்தி, பிறகு அலுமாரிக்குப் பூட்டு. சேதமானால் யார் பதில் சொல்வது என்று அதிபர் சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்திருப்பார். பிள்ளைகள் தொடமாட்டார்கள். கறையான் தொடும். கறையானிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.

பெட்டி, பொறுப்பு, கைகழுவல் எல்லாம் இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் 1,486 கொள்கலன்களோடு வந்தது. அதில் ஒன்றிலிருந்து நைத்திரிக் அமிலம் ஒழுகுவது வரும் வழியிலேயே தெரியும். கட்டார் துறைமுகம் இறக்கவில்லை. இந்தியாவின் ஹசீரா இறக்கவில்லை. கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின, மேற்குக் கரை நெடுக ஒதுங்கின. மீனவன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தான். கப்பல்காரர் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய், எங்கள் பொறுப்பின் உச்சவரம்பு 19 மில்லியன் பவுண் என்று உத்தரவு வாங்கினார்கள். 2025 ஜூலையில் நம்முடைய உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் கட்டச் சொன்னது. தரமாட்டோம் என்றது கம்பனி. ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கிற அதே வாசகம்தான் இது: சேதத்தின் அளவு எதுவாயினும் எங்கள் பொறுப்பு இவ்வளவுதான். எழுத்து மட்டும் பெரிது.

இதையெல்லாம் மாற்றப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. பொதியை ஏற்கிறவர் அது சரியாகக் கட்டப்பட்டதா என்று பார்த்து ஏற்கட்டும். ஏற்றபின் பொதி சரியில்லை என்கிற வாய்ப்பாட்டைத் தடை செய்யட்டும். வாங்கியவர் திறந்து பார்க்கும் வரை கையெழுத்துக் கேட்கக்கூடாது என்று நுகர்வோர் அதிகாரசபை ஒரு பணிப்பு விடுக்கட்டும். செய்வார்கள் என்று நான் நம்பவில்லை. நீங்களும் நம்பவில்லை.

ஆகவே அடுத்த பெட்டி வரும்போது இதையாவது செய்யுங்கள். கட்டுவதற்கு முன்பு எல்லாப் பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் போடுங்கள். தந்தியைத் தளர்த்தச் சொல்லுங்கள். தலைக்கும் கழுத்துக்கும் கீழே துணி திணிக்கச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் கையடக்கத் தொலைபேசியில் படம்பிடித்தபடி திறவுங்கள். திறக்க விடாவிட்டால், கையெழுத்துக்கு மேலே "திறந்து பார்க்க விடவில்லை, உள்ளே உள்ள நிலை தெரியாது" என்று எழுதிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். வாசிக்க ஓர் ஆளை அவர்கள் தேடட்டும்.